மறந்து வைத்த மூட்டை

"படிச்சது அவ. புரிஞ்சது இவளுக்கு."

இதைச் சொன்னது எங்கள் ஐயரம்மா. எங்கள் பக்கம் சர்ச்சைக் கோவில் என்போம், சபைப் போதகரை ஐயர் என்போம், அவர் மனைவி ஐயரம்மா. என்னிடம் சொல்லவில்லை. கோவிலுக்குப் பின்னால் குழாயடியில், அசனத்துக்கு, சபை விருந்துக்கு, சோறு ஆக்கின அண்டாவைத் தேய்த்துக்கொண்டே டெய்சி டீச்சரிடம் சொன்னார்கள். நான் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று சாப்பிட்ட வாழையிலைகளை அள்ளிக்கொண்டிருந்தேன். அவ யார், இவ யார் என்று நான் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை அக்கா. எங்கள் சபையில் எம்.ஏ. படித்த பெண் நான் ஒருத்திதான். இவ என்பது என் மதினி.

நான் பஸ்ஸில் யாரிடமும் பேசுகிறவள் இல்லை. நீங்கள்தான் மடியில் என்ன நோட்டு என்று கேட்டீர்கள். நீங்கள் நாகர்கோவில் வரை போகிறீர்கள், நான் வள்ளியூரில் இறங்கிவிடுவேன், மறுபடி பார்க்கப் போவதில்லை. அதனால் சொல்கிறேன். இந்த நோட்டில் பதினாலு பக்கம் எழுதியிருக்கிறேன். பதினாலும் என் கையெழுத்து. அதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மதினி பெயர் ஜெபசீலி. என்னைவிட இரண்டு வயது இளையவள். இருந்தாலும் அண்ணன் பெண்டாட்டி என்றால் மதினி என்றுதான் கூப்பிட வேண்டும், கூப்பிடுகிறேன். போன தை மாதம் கல்யாணமாகி வந்தாள். பிளஸ் டூவில் கணக்கில் தவறினவள். பைபிளைக் கையில் கொடுத்தால் எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாள், பெயர்கள் வரும் இடத்தில் "யாரோ ஒருத்தர்" என்று தாண்டிப் போவாள். அதற்கும் அம்மா சிரிப்பாள்.

மறதி என்றால் அப்படி ஒரு மறதி. குடையைக் கோவிலில் வைத்துவிட்டு வருவாள். பக்கத்து வீட்டுக்குச் செருப்போடு போய் வெறுங்காலோடு வருவாள். ஒரு நாள் ரசத்தில் இரண்டு தடவை உப்பு, மறுநாள் உப்பே இல்லை. அம்மா ஒரு சொல் சொன்னதில்லை. "நல்ல பிள்ள, மனசுல எதையும் வச்சிக்கிடாது" என்று பெருமையாக வேறு சொல்வாள். நான் உப்பு மறந்திருந்தால் அம்மா என்ன சொல்லியிருப்பாள்? தெரியாது அக்கா. நான் மறந்ததே இல்லை.

எட்டு வயதிலிருந்து வருஷா வருஷம் வசனப் போட்டியில் முதல் பரிசு எனக்குத்தான். பரிசு ஒரு எவர்சில்வர் டம்ளர். ஒன்பது டம்ளர் இருக்கிறது, ஒவ்வொன்றிலும் என் பெயர் வெட்டியிருக்கும். பெர்சிஸ், பெர்சிஸ் என்று ஒன்பது. வீட்டில் எல்லோரும் அதில்தான் காபி குடிக்கிறார்கள். மதினியும் அதில்தான் குடிக்கிறாள். நான் ஒன்றும் சொன்னதில்லை.

பெண்கள் ஞாயிறு என்று எங்கள் சபையில் வருஷத்துக்கு ஒரு நாள் உண்டு. அன்றைக்கு ஐயர் கீழே உட்கார்ந்துவிடுவார். பாட்டு, ஜெபம், காணிக்கை, பிரசங்கம் எல்லாம் பெண்கள்தான். ஐந்து வருஷமாக அந்தப் பிரசங்கத்துக்குக் காத்துக்கொண்டிருந்தேன். வாய்விட்டுக் கேட்டதில்லை. எனக்கு அப்படிக் கேட்க வராது. ஆனால் ஒவ்வொரு வருஷமும் டெய்சி டீச்சர் ஏறி நின்று போன வருஷம் சொன்னதையே சொல்லும்போது, நானாக இருந்தால் என்ன சொல்லுவேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருப்பேன். இந்த வருஷம் தலைப்பு, நியாயமும் இரக்கமும். ஐயரம்மா வீட்டுக்கே வந்தார்கள். "பெர்சிஸ், நீ தயார் பண்ணும்மா" என்றார்கள். அன்றைக்கு ராத்திரி நான் சாப்பிடவில்லை. சந்தோஷத்தில்தான்.

பாளையங்கோட்டையில் படிக்கும்போது கல்லூரி நூலகத்தில் ஒரு பழைய புத்தகம் கிடைத்தது. நாம் பழைய ஏற்பாடு என்று சொல்கிறோமே, அது யூதர்களின் வேதம். அவர்கள் அதை எப்படி வாசிக்கிறார்கள் என்பதைப் பற்றிய புத்தகம். நாம் மேலோட்டமாகத் தாண்டிப்போகிற சட்டங்களை அவர்கள் ஒவ்வொன்றாக நிறுத்தி நிறுத்தி யோசித்திருக்கிறார்கள். ஏழையின் போர்வையை அடகாக வாங்கினால் பொழுது சாய்வதற்குள் திருப்பிக் கொடுத்துவிடு, ராத்திரி அவன் எதைப் போர்த்திப் படுப்பான். கூலிக்காரனின் கூலியை விடியும் வரை வைத்திருக்காதே. காது கேளாதவனைத் திட்டாதே, அவனுக்குக் கேட்காது என்றாலும். வயலை ஓரம் வரைக்கும் வழித்து அறுக்காதே, ஓரம் ஏழைக்கு. பரதேசியை, பிழைக்க வந்த வேற்றூர்க்காரனை, ஒடுக்காதே, நீயும் எகிப்தில் பரதேசியாக இருந்தவன்தான். நான் எல்லாவற்றையும் அப்போதே குறித்து வைத்திருந்தேன். இதோ பாருங்கள், தலைப்புகளுக்குச் சிவப்பு மையில் கோடு போட்டிருக்கிறேன்.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது பதினோராம் பக்கம். அறுப்பு முடிந்து வரும்போது ஒரு கதிர்க்கட்டை வயலில் மறந்து வைத்துவிட்டால், அதை எடுக்கத் திரும்பிப் போகாதே, அது பரதேசிக்கும் திக்கற்றவனுக்கும் விதவைக்கும் என்று ஒரு சட்டம். இதில் யூதப் போதகர்கள் ஒன்றைக் கவனித்திருக்கிறார்கள். மற்ற எல்லாக் கட்டளையையும் மனிதன் நினைத்துச் செய்யலாம். இதை மட்டும் நினைத்துச் செய்ய முடியாது. தெரிந்தே விட்டுவிட்டு வந்தால் அது மறதி இல்லையே. ஒரு பக்திமான் தன் வயலில் ஒரு கட்டை நிஜமாகவே மறந்துவிட்டு, அது தெரிந்ததும், இந்தக் கட்டளை கடைசியில் எனக்கும் வாய்த்தது என்று வீட்டில் விருந்து வைத்தாராம். எவ்வளவு அழகு பார்த்தீர்களா. இதை எங்கள் சபையில் யாரும் கேட்டிருக்க முடியாது. இதற்காகத்தான் ஐந்து வருஷம் காத்திருந்தேன்.

இதற்கு நடுவில்தான் வடக்கு விளையில் கடலை பிடுங்கினார்கள். எங்களுக்கு விளை என்று இரண்டு துண்டு நிலம். வடக்கு விளை ஒன்று, கிணற்று விளை ஒன்று. அண்ணன் உரக்கடையை விட்டு வர முடியாத நாள். அதனால் மூட்டைகளை லோடு ஆட்டோவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டு வரும் பொறுப்பு மதினிக்கு. யார் கொடுத்தது? அம்மாதான். நான் நோட்டோடு வீட்டில் உட்கார்ந்திருந்தேன். மூட்டைகள் வந்து இறங்கினதும் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பதினொன்று. பன்னிரண்டு சாக்கு கொடுத்துவிட்டது எனக்குத் தெரியும், நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

"ஒரு மூட்டை குறையுது" என்றேன்.

மதினி நாக்கைக் கடித்துக்கொண்டாள். "அய்யோ, வேப்பமரத்தடியில ஒண்ணு நின்னுச்சு. தண்ணி குடிக்கப் போனேன். அப்படியே மறந்துட்டேன் பெர்சி."

நான் நோட்டை மூடி வைத்துவிட்டு ஸ்கூட்டர் வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். ஏன் சிரிக்கிறீர்கள்? சிரிக்கவில்லையா, சரி. மூட்டை மரத்தடியில் அப்படியே இருந்தது. பக்கத்தில் பிரமு அக்கா உட்கார்ந்திருந்தாள். அவள் எங்கள் ஊர் இல்லை, மேற்கே எங்கிருந்தோ வந்தவள். புருஷன் இல்லை. பழைய அரிசி மில்லுக்குப் பின்னால் ஓர் அறையில் இருக்கிறாள். கடலை பிடுங்கி முடித்த விளைகளில், மண்ணுக்குள் தப்பிக் கிடக்கிறதைக் கிளறிப் பொறுக்குவாள்.

"மூட்டைய பாத்துக்கிட்டுத்தாம்மா உக்காந்திருக்கேன். நாய் வந்து கொதறிரும்லா" என்றாள்.

அவள் மடியில் மண்ணோடு இரண்டு கை கடலை இருந்தது. மூட்டையிலிருந்து எடுத்திருப்பாளோ என்று கட்டைப் பார்த்தேன். கட்டு அவிழவில்லை. அவள் எடுக்கவில்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். நான் யாரைப் பற்றியும் நியாயம் இல்லாமல் பேச மாட்டேன். "ஒரு கை பிடிங்க" என்றேன். பிடித்தாள். இரண்டு பேருமாக வண்டியின் முன்பக்கம் தூக்கி வைத்தோம். மெல்ல ஓட்டிக்கொண்டு வந்தேன். வந்து கை கழுவிவிட்டு, பதினோராம் பக்கத்தில் விட்ட இடத்திலிருந்து எழுதினேன்.

மதினி சாக்கைத் தொட்டுப் பார்த்தாள். "அங்க யாராவது இருந்தாவளா?" என்றாள்.

"பிரமு அக்கா இருந்தா. நாய் வராம காவல் காத்துக்கிட்டிருந்தா, ஒண்ணும் தொடல."

அவள் சாக்கிலிருந்து கையை எடுத்துவிட்டு அடுக்களைக்குப் போனாள். நன்றி சொல்லியிருக்கலாம்.

அந்த வெள்ளிக்கிழமை பெண்கள் சங்கக் கூட்டம் எங்கள் வீட்டில் நடந்தது. ஐயரம்மா, "பெர்சிஸ், ஒருதடவை எங்களுக்கு வாசிச்சுக் காட்டேன்" என்றார்கள். வாசித்தேன். என் சத்தம் அவ்வளவுதான் அக்கா, இப்போது உங்களுக்குக் கேட்கிறதே, அவ்வளவுதான். நாலு பேர் பார்த்தால் இன்னும் குறையும். மூன்றாம் பக்கத்தில் டெய்சி டீச்சர், "கேக்கலம்மா" என்றார்கள். ஆறாம் பக்கத்தில் ஒருத்தி கொட்டாவி விட்டாள், யார் என்று தெரியும், சொல்ல மாட்டேன். ஒன்பதாம் பக்கத்தில் அம்மா காபி போட எழுந்து போனாள். என் அம்மா. பதினொன்றுக்கு வந்து அந்தச் சட்டத்தை வாசித்ததும், கதவோரம் உட்கார்ந்து முறுக்கு அடுக்கிக்கொண்டிருந்த மதினி தலையைத் தூக்கினாள்.

"இரு பெர்சி. மறந்துட்டா திரும்பிப் போவாதன்னா போட்டிருக்கு? அப்போ இத ஒருத்தி வேணும்னு செய்ய முடியாதுல்லா? மறக்கணும்னு நெனச்சா ஞாபகம்தானே வரும்?"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். "ஏ, ஆமால்லா" என்றார்கள் டெய்சி டீச்சர். கொட்டாவி விட்டவளும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஆளாளுக்குப் பேச ஆரம்பித்தார்கள். அக்கா, அதற்கு அடுத்த வரியில் நான் அதைத்தான் எழுதியிருந்தேன். அடுத்த வரி. என் விரல் அந்த இடத்தில் இருந்தது. "இதுவும் எழுதியிருக்கேன்" என்றேன். யாருக்கும் கேட்கவில்லை.

கூட்டம் முடிந்து போகும்போது ஐயரம்மா என் தோளில் கை வைத்தார்கள். "ரொம்ப நல்லா எழுதியிருக்கம்மா. ஆனா பின்னால உக்காந்திருக்கவளுக்குக் கேக்கணும்லா. நீ எழுதிக் குடு, ஜெபசீலி ஏறிச் சொல்லட்டும்."

மதினி முடியவே முடியாது என்றாள். "எனக்கு வாசிக்கவே வராதும்மா, பெர்சி சொன்னாத்தான் நல்லாருக்கும்" என்றாள். அதை உண்மையாகத்தான் சொன்னாள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவள் ஆசைப்பட்டுப் பிடுங்கியிருந்தால் அவளை மோசம் என்று சொல்லிவிட்டுப் போயிருப்பேன். வேண்டாம் என்கிறவளுக்குத்தான் எல்லாம் கிடைக்கிறது. அம்மா, "சும்மா ஏறிச் சொல்லுளா, பெர்சிஸ் எழுதித் தருவா" என்றாள். நான் எழுதித் தருவேனா என்று என்னை ஒருத்தரும் கேட்கவில்லை. தந்தேன். பெரிய எழுத்தில், இடம் விட்டு, தனித்தாளில் எழுதினேன். பத்துக் கட்டளையில் கடைசி, பிறனுடையதை இச்சிக்காதே என்பது. எனக்குத் தெரியாதா? நான் இச்சித்தது என்னுடையதை. அது வேறு.

பதினோராம் பக்கத்தை மட்டும் சுருக்கிவிட்டேன். விருந்து வைத்தவர் கதையை எடுத்துவிட்டேன். நேரம் போதாது என்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரே அவசரம். அண்ணன் சட்டைக்கு இஸ்திரி, அம்மாவுக்கு மாத்திரை, மதினிக்குப் பூ. எல்லோரும் வாசலில் இறங்கியாயிற்று. நான் கடைசியாகக் கதவைப் பூட்டும்போது பார்த்தேன், பிரிட்ஜுக்கு மேல் தாள்கள். எழுதிக் கொடுத்த அத்தனை தாளும். மறந்தது அவள். நான் மறக்கவில்லை. சொல்லவில்லை, அவ்வளவுதான். கதவைப் பூட்டினேன்.

பாட்டு முடிந்தது. ஐயரம்மா கை காட்டினார்கள். மதினி ஏறி நின்று பையைத் திறந்தாள். பையிலிருந்து கைக்குட்டையும் ஒரு எலுமிச்சம்பழமும்தான் வெளியே வந்தன. அவள் முகம் வெளுத்ததை நான் இரண்டாவது வரிசையிலிருந்து நன்றாகப் பார்த்தேன். பையை மூடி வைத்தாள்.

"பெர்சி எழுதிக் குடுத்தத வீட்டுல மறந்துட்டு வந்துட்டேன்" என்றாள். சபையே சிரித்தது. அவளும் சிரித்தாள். "மறதியப் பத்தித்தான் நான் சொல்லவும் வந்தேன்."

என்ன சொன்னாள் தெரியுமா? மூட்டையைப் பற்றிச் சொன்னாள். என்னைச் சொல்லப் போகிறாள், சபை முழுக்கத் திரும்பிப் பார்க்கப் போகிறது என்று குனிந்துகொண்டேன்.

"நான் விளையில ஒரு மூட்டைய விட்டுட்டு வந்துட்டேன். வீட்டுல அவிய ஏசுவாவளேன்னு, எனக்காவ பெர்சி பொழுது சாய்ஞ்ச நேரத்துல தனியா போய் எடுத்துட்டு வந்தா. அவளுக்கு எம்மேல அவ்வளவு பிரியம். அங்க ஒரு அக்கா இருந்தாவளாம், ஒரு கடலையும் தொடாம காவல் காத்துக்கிட்டு. இந்த மூட்டைய அந்த அக்காவுக்கே குடுத்திருவோம்னு நான் சொல்லியிருக்கணும். எனக்குத் துணிச்சல் இல்ல. இப்படி ஆளுவ இருப்பாவன்னு அந்தச் சட்டத்த எழுதினவருக்குத் தெரிஞ்சிருக்கு. குடுக்கத் துணிச்சல் இல்லாதவளுக்கு மறதியையாவது குடுத்திருக்காரு. எனக்கு அதக்கூட ஒழுங்கா வச்சிக்கிடத் தெரியல."

அவ்வளவுதான். ஐந்து நிமிஷம்கூட இல்லை. என் பதினாலு பக்கத்திலிருந்து ஒரு வரிகூட அதில் இல்லை. டெய்சி டீச்சர் மூக்கை உறிஞ்சினார்கள். ஐயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிரியமாம். நான் பிரியத்தில் போனேன் என்று அவளாகச் சொல்லிவிட்டாள், வெளியே வந்ததும் ஆளாளுக்கு என் கன்னத்தைத் தடவினார்கள். நல்ல நாத்தனார் என்று. நான் கேட்ட பெயர் அதுவா?

அதற்கப்புறம்தான் குழாயடியில் அந்தப் பேச்சு. படிச்சது அவ, புரிஞ்சது இவளுக்கு.

ராதாபுரம் தாண்டிவிட்டோமா? இன்னும் நேரம் இருக்கிறது. இன்னும் கொஞ்சம்தான்.

இரண்டு வாரம் கழித்து கிணற்று விளையில் கடலை பிடுங்கினார்கள். இந்தத் தடவை நானும் வருகிறேன் என்றேன். அம்மா என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். மதினி ஒரு கயிறு கொண்டு வந்திருந்தாள். சாக்கு நிறைந்து கட்டினதும் கயிற்றில் ஒரு முடிச்சு, அடுத்த சாக்குக்கு அடுத்த முடிச்சு. இனி மறக்கக் கூடாதாம். பத்து முடிச்சு விழுந்தது. லோடு ஆட்டோ வந்ததும் அவள் டிரைவருக்கு மோர் ஊற்றிக் கொடுக்கப் போனாள். நான் ஒரு மூட்டையை இழுத்துக் கிணற்றுச் சுவருக்குப் பின்னால் வைத்தேன். பிரமு அக்கா அந்த வழியாகத்தான் வருவாள்.

தெரிந்தே வைத்தால் மறதி ஆகாது. பதினோராம் பக்கத்தில் இருக்கிறது, நானே எழுதினது. ஆனால் பார்க்கிறவர்களுக்கு அது தெரியாதே. மறந்ததற்கே ஒருத்திக்கு அவ்வளவு பெயர் என்றால், எதையும் மறக்காத பெர்சிஸ் மறந்துவிட்டாள் என்றால் ஊரில் என்ன சொல்லுவார்கள் என்று பார்க்க ஆசையாக இருந்தது. ஆட்டோவில் ஏறி உட்கார்ந்து வீடு வரும் வரை ஒன்றும் தெரியாத மாதிரி இருந்தேன்.

விளக்கு வைக்கிற நேரம் அண்ணன் கடையிலிருந்து வந்தான். மூட்டைகளைச் சுற்றி வந்தான்.

"ஒம்பதுதான இருக்கு. பத்து சாக்கு போச்சே" என்றான். என்னைப் பார்ப்பான் என்று நினைத்தேன். வாயைத் திறக்கத் தயாராக இருந்தேன். அவன் திரும்பினது அடுக்களைப் பக்கம். "ஏளா, மறுபடியும் விட்டுட்டு வந்துட்டியா?"

"இவளுக்கு மறதி கூடப்பொறந்ததுல்லா" என்றாள் அம்மா, சிரித்துக்கொண்டே.

நான் அங்கேயே நிற்கிறேன் அக்கா. நானும்தானே விளைக்குப் போயிருந்தேன். நான் மறந்திருக்கலாம் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

மதினி ஈரக் கையோடு வந்தாள். இடுப்பிலிருந்து கயிற்றை எடுத்து முடிச்சுகளை ஒவ்வொன்றாகத் தடவினாள். பத்து வந்திருக்கும். மூட்டைகளைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

"ஆமா" என்றாள் அண்ணனிடம். "நான்தான் மறந்துட்டேன்."

அதையும் அவளே எடுத்துக்கொண்டாள் பாருங்கள்.

"எங்க வச்ச? கெணத்து பக்கமா? நான் போய் எடுத்துட்டு வாரேன்" என்று அண்ணன் கழற்றின சட்டையை மறுபடி மாட்டினான். வண்டி சாவி எப்போதும் அலமாரிக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கும். நான் ஆணிக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். அண்ணன் வந்து பார்க்கும்போது ஆணியில் சாவி இல்லை.

"சாவி எங்க?" என்றான்.

என் கை துப்பட்டாவுக்குள் இருந்தது. சாவியின் பல் உள்ளங்கையில் குத்தியது. மதினி என் கையைப் பார்த்தாள்.

"நான்தான் எங்கயோ வச்சேன். எங்கன்னு மறந்துட்டேன், இருங்க தேடுதேன்" என்று அண்ணனுக்கு முன்னால் போய், அலமாரியில் கவிழ்த்து வைத்திருந்த என் ஒன்பது டம்ளர்களையும் ஒவ்வொன்றாகத் தூக்கி, அடியில் சாவி இருக்கிறதா என்று பார்க்க ஆரம்பித்தாள்.